தலைக்கு மேல நூறு விமானம், தொட்டுப் பாக்க ஒண்ணு இல்ல!

2024 அக்டோபர் முதல் வாரம். சேலையூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில பாதித் தெரு கூடியிருந்துச்சு. மெரினாவுல நடக்கப் போற விமானப்படை சாகசத்துக்கு ஒத்திகை. தாம்பரம் தளத்துல இருந்து கிளம்புறதெல்லாம் எங்க தண்ணி டேங்க் மேலயே போற மாதிரி இருந்துச்சு. கீழ் வீட்டுப் பாட்டி, "ஏண்டா, இப்படி ஒட்டிக்கிட்டே போவுதே, இடிச்சுக்காதா?"ன்னு கேட்டாங்க. எதிர் வீட்டு ரெண்டாங்கிளாஸ் பையன் ஒவ்வொண்ணுக்கும் கை ஆட்டினான். அம்மா டீ போட்டுக் கொண்டு வந்தாங்க. யாரும் டிக்கெட் எடுக்கல, யாரும் யாரையும் இடிக்கல.

அக்டோபர் 6, ஞாயித்துக்கிழமை. மெரினாவுல நிஜ சாகசம். 72 விமானம், காலை 11 மணியில இருந்து மதியம் 1 மணி வரைக்கும். சுமார் 15 லட்சம் பேர் வந்தாங்கன்னு சொன்னாங்க. அந்த வெயில்லயும் நெரிசல்லயும் போயிட்டு 5 பேர் வீடு திரும்பல.

விமானம் பாக்கப் போய் செத்துப் போனாங்க. இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க மக்களே.

அன்னிக்கு எல்லாரும் தண்ணி வெச்சாங்களா, ரயில் விட்டாங்களான்னு சண்டை போட்டாங்க. போட வேண்டிய சண்டைதான். ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. ஒரு ஊர்ல 15 லட்சம் பேர் ஒரே நாள்ல, ஒரே கடற்கரையில, உச்சி வெயில்ல ஏன் நிக்கிறாங்க? அந்த ஒரு நாளை விட்டா வேற நாளே இல்லைங்கறதாலதான். வருஷத்துல ஒரே நாள் சோறு போட்டா பந்தியில மிதிபடத்தான் செய்வாங்க.

நமக்கு விமானம்னா ரெண்டே வழி. ஒண்ணு, காசு குடுத்து உள்ள உக்காந்து ஜன்னல் வழியா இறக்கையைப் பாக்கறது. இல்லேன்னா லட்சக்கணக்கான பேரோட நின்னு அண்ணாந்து பாக்கறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு. மத்த நாட்டுல அதுக்கு ஃப்ளை-இன்னு பேரு. அது நம்ம ஊர்ல ஏன் இல்லைங்கறதுதான் என் சண்டை.

ஃப்ளை-இன்னா என்ன?

ரொம்ப சிம்பிள். ஒரு சின்ன விமானத்தளம். ஒரு ஞாயித்துக்கிழமை காலை. சுத்துப்பட்டு ஊர்ல செஸ்னா மாதிரி ரெண்டு சீட்டு, நாலு சீட்டு விமானம் வெச்சிருக்கறவங்களும் கிளப்புல வாடகைக்கு எடுக்கறவங்களும் பறந்து வந்து இறங்குவாங்க. வரிசையா நிறுத்துவாங்க. டிபன் சாப்பிடுவாங்க. ஊர் ஜனங்க வந்து பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க, பசங்க காக்பிட்ல ஏறி உக்காருவாங்க. பத்து பத்தரைக்கு எல்லாம் கிளம்பிப் போயிடும். குட்டிக்கரணம் கிடையாது, கலர் புகை கிடையாது. சாகசத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், சர்க்கஸுக்கும் மாட்டுச் சந்தைக்கும் உள்ள வித்தியாசம். சந்தையில நீங்க மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பாக்கலாம்.

அமெரிக்காவுல ஆஷ்காஷ்னு ஒரு ஊர். ஜனத்தொகை ஒரு லட்சம் கூட இல்ல. அங்க வருஷா வருஷம் ஜூலை மாசம் சுமார் 10,000 விமானம் வந்து இறங்குது. அந்த ஒரு வாரம் உலகத்துலயே ரொம்ப பிஸியான கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்த ஊருதுதான். வர்ற விமானத்துக்கிட்ட ரேடியோவுல பதில் பேசக்கூட நேரம் இருக்காது. "கேட்டுச்சுன்னா இறக்கையை ஆட்டு"ன்னு சொல்லுவாங்க, பைலட் ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஆட்டிட்டு இறங்குவார். இது ஆரம்பிச்சது 1953-ல, பால் போபெரெஸ்னினு ஒருத்தர் மில்வாக்கியில தன்னை மாதிரி விமானக் கிறுக்கு பிடிச்ச கொஞ்சம் பேரைச் சேத்து. ஆஷ்காஷுக்கு மாறினது 1970-ல. அதே சங்கம் 1992-ல இருந்து பசங்களை இலவசமா சின்ன விமானத்துல ஏத்திக்கிட்டுப் போகுது. இதுவரைக்கும் 20 லட்சம் பசங்களுக்கு மேல பறந்துட்டாங்க.

"அது அமெரிக்கா மச்சி, அவன் பணக்காரன்"னு சொல்லுவீங்க. தெரியும். அதனால இப்ப நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன்.

இது நம்ம ஊர் சரக்குதான்

1910. மவுண்ட் ரோட்ல ஹோட்டல் வெச்சிருந்த டி ஏஞ்சலிஸ்னு ஒருத்தர். முந்தின வருஷம் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டினதைக் கேள்விப்பட்டு, நாமளும் பறக்கலாமேன்னு அவருக்குத் தோணிடுச்சு. தானே ஒரு விமானத்தை வடிவமைச்சு, சிம்சன் கம்பெனியில செய்யக் குடுத்தார். முதல்ல ஓட்டிப் பாத்தது எங்க தெரியுமா? நம்ம பல்லாவரத்துல! அப்புறம் மார்ச் மாசம் தீவுத்திடல்ல ஜனங்க முன்னாடி பறந்து காட்டினார்னு சென்னை வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. பல்லாவரத்துல ஷேர் ஆட்டோவுக்கு நிக்கும்போது இதை நெனச்சா எனக்கு மயிர்க்கூச்செறியும். நம்ம ஊரோட விமானச் சரித்திரத்தை ஆரம்பிச்சது ஒரு அரசாங்கம் இல்ல, ஒரு கம்பெனி இல்ல. ஒரு ஹோட்டல்காரர்.

அடுத்து 1932. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பம்பாய்க்கு தபால் கொண்டு வந்தார், பாடப் புத்தகத்துல வரும். அந்தத் தபாலை பம்பாயில வாங்கி பெல்லாரி வழியா மெட்ராசுக்கு ஓட்டிக்கிட்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அவர் பாடப் புத்தகத்துல வரமாட்டார். அந்தாளு அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்? ஊர் ஊரா விமானத்தைக் கொண்டு போய் இறக்கி, காசு வாங்கிக்கிட்டு ஜனங்களை ஒரு ரவுண்டு ஏத்திக்கிட்டு இருந்தார். திருவிழா ராட்டினம் மாதிரி! இந்தியாவோட முதல் விமான கம்பெனி அந்த ராட்டினக்காரர் குடுத்த யோசனையில இருந்து பொறந்துச்சு. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் அதே காலத்து ஆள்தான், 1930 வாக்குல ஆரம்பிச்சது.

இன்னொரு சாட்சி சோழவரம். ரெண்டாம் உலகப்போர்ல போட்ட ஓடுபாதை. போர் முடிஞ்சு சும்மா கிடந்துச்சு. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரங்க அங்க கார், பைக் பந்தயம் வெச்சாங்க. இருங்காட்டுக்கோட்டையில 1990-ல தனியா தடம் வர்ற வரைக்கும் அங்கதான் பந்தயம். வைக்கோல் கட்டு, தகரக் கொட்டாய், கூட்டம் அள்ளும். உங்க வீட்டுல ஐம்பது அறுபது வயசுக்காரங்க யாராவது இருந்தா சோழவரம்னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும். அந்தக் கூட்டத்துல பந்தய கார் வாங்க வசதி இருந்தவங்க எத்தனை பேர்? ஆனா அங்க போய் இஞ்சின் சத்தம் கேட்டுட்டு வந்து மெக்கானிக் ஆனவங்க, மெக்கானிகல் படிச்சவங்க நிறைய. அமெச்சூர் ஆளுங்க சேந்து ஒரு சும்மா கிடந்த ஓடுபாதையை ஊருக்கே பொதுவாக்கின கதை நம்மகிட்டயே இருக்கு. ஒரே வித்தியாசம், அதுல கார் ஓடுச்சு.

எங்க வயித்தெரிச்சல்

இப்ப தாம்பரம் சுத்துவட்டாரத்தைப் பாருங்க. தாம்பரம் விமானப்படைத் தளம். இந்தியாவோட விமானப் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி குடுக்கற பள்ளி 1954-ல இருந்து இங்கதான் இருக்கு. இந்தப் பக்கம் மீனம்பாக்கம். பம்மல், பொழிச்சலூர், கவுல் பஜார் பக்கம் போனா விமானத்தோட சக்கரத்தை எண்ணலாம். ஜி.எஸ்.டி. ரோட்டுல ரெண்டு பக்கமும் இன்ஜினியரிங் காலேஜ், அதுல பலதுல ஏரோநாட்டிகல் டிபார்ட்மென்ட்.

என் கூடப் படிக்கறவங்ககிட்ட கேட்டேன். பறக்கற நிலையில இருக்கற ஒரு விமானத்தைக் கையால தொட்டவங்க எத்தனை பேருன்னு. 60 பேர்ல 4 பேர் கை தூக்கினாங்க. அதுல 3 பேர் பயணியா ஏறும்போது கதவைத் தொட்டவங்க! லேப்ல இருக்கற இஞ்சின் எங்க அப்பா வயசு. அதைக் கழட்டக்கூட விடமாட்டாங்க, ஏன்னா திரும்ப மாட்ட முடியாது. இறக்கைக்கு மேல காத்து எப்படிப் போகுதுன்னு 16 மார்க்குக்கு எழுதறோம். ஏலரானைக் கையால ஆட்டிப் பாத்தது கிடையாது.

இதுல குரோம்பேட்டை எம்.ஐ.டி. கதை ஒண்ணு இருக்கு. 1949-ல சி. ராஜம் ஆரம்பிச்ச காலேஜ். 1950-கள்ல ராமேஸ்வரத்துல இருந்து ஒரு பையன் அங்க வந்து சேந்தான். காலேஜ்ல ஓய்வு குடுத்த ரெண்டு விமானத்தைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தாங்க. மத்த பசங்க போனப்புறமும் அந்தப் பையன் அது பக்கத்துலயே உக்காந்திருப்பானாம். அதைப் பாத்துதான் ஏரோநாட்டிகல் எடுத்தேன்னு அப்துல் கலாம் தன் சுயசரிதையில சொல்லியிருக்கார். பறக்காத ரெண்டு பழைய விமானம் பக்கத்துல நின்னதுக்கே ஒரு கலாம்! பேச்சுப் போட்டியில கலாமைப் பத்தி மூச்சு விடாம பேச விடற ஊர், கலாம் நின்ன மாதிரி ஒரு விமானத்துக்குப் பக்கத்துல நிக்க விடமாட்டேங்குது.

2023 பிப்ரவரியில ஏர் இந்தியா 470 விமானத்துக்கு ஆர்டர். அதே வருஷம் ஜூன்ல இண்டிகோ 500. ஆறு மாசத்துக்குள்ள 970 விமானம். ஓட்டறதுக்கும் ரிப்பேர் பாக்கறதுக்கும் டிசைன் பண்றதுக்கும் ஆள் எங்க இருந்து வருவாங்க? ஆர்டர் மட்டும் குடுத்தா போதுமா?

வர்ற எதிர்ப்புக்கு என் பதில்

ஒண்ணு: "பாதுகாப்பு என்னாகறது? கண்டவன் பறந்து வருவானா?"

கண்டவன் இப்பவே வர முடியாது. நம்ம நாட்டுல சின்ன செஸ்னா ஊர் விட்டு ஊர் போகணும்னாலும் பறப்புத் திட்டம் குடுக்கணும், வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கணும். அந்த எண்ணைக் குடுக்கறதே விமானப்படைதான். அதாவது வர்ற ஒவ்வொரு விமானமும், ஓட்டறவர் யாருங்கறதும் முன்னாடியே அவங்க கையில இருக்கு. தாம்பரம் தளத்தைத் திறந்து விடுன்னு நான் கேக்கல. அது ராணுவ இடம், அவங்க வேலை அவங்களுக்கு. மீனம்பாக்கத்துலயும் கேக்கல, அங்க இருக்கற நெரிசலுக்கு செஸ்னா நுழைஞ்சா திட்டுவாங்க. நான் கேக்கறது சும்மா கிடக்கற தளத்தை.

ரெண்டு: "இது பணக்காரன் பொழுதுபோக்கு."

பாதி உண்மை. விமானம் வாடகைக்கு எடுத்தா ஒரு மணி நேரத்துக்கே அஞ்சு இலக்கத்துல காசு. எங்க அப்பா மாச சம்பளத்துல அது பெரிய துண்டு. ஆனா ஃப்ளை-இன்ல பெட்ரோல் காசு பறந்து வர்றவரோடது. நமக்கு பஸ் காசும் இட்லி காசும்தான். பணக்காரன் பொம்மை வேலிக்கு உள்ள பூட்டியே இருந்தா அது பணக்காரன் பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை வெளியில கொண்டு வந்து நிறுத்தி, ஒரு கவர்மென்ட் ஸ்கூல் பொண்ணு அதுல உக்காந்து ஸ்டிக்கைப் பிடிச்சா அது பாடம். பணக்காரன் பொழுதுபோக்கா இருக்குன்னு புலம்பறவங்கதான் முதல்ல ஃப்ளை-இன் கேக்கணும்.

மூணு: "இன்னொரு விமானத்தளமா? பரந்தூர் பத்தாதா?"

இதுதான் நியாயமான கேள்வி. 2022-ல பரந்தூர் அறிவிப்பு வந்ததுல இருந்து ஏகனாபுரத்து ஜனங்க வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடறதைப் பாக்கறோம். 2015 டிசம்பர்ல அடையாறு மீனம்பாக்கம் ஓடுபாதைக்குள்ள புகுந்து நாள் கணக்கா விமானமே ஓடாததையும் பாத்தோம். அதனால ஒரு சென்ட் நிலம் புதுசா எடுக்கறதா இருந்தா எனக்கு இந்த ஃப்ளை-இன்னே வேணாம். ஏற்கெனவே போட்ட ஓடுபாதை போதும். இன்னொண்ணையும் நானே ஒத்துக்கறேன்: சின்ன விமானத்துக்கு ஊத்தற ஏவியேஷன் பெட்ரோல்ல இன்னும் ஈயம் கலக்கறாங்க. அது நல்லதில்ல. வருஷத்துக்கு ஒரு காலை, பத்து விமானம்ங்கற அளவோட நிறுத்தச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எங்க, எப்படி?

என் ஓட்டு வேலூர் அப்துல்லாபுரம். விமான நிலைய ஆணையத்தோட இடம். உடான் திட்டத்துல சேத்து ஓடுபாதையும் சின்ன முனையக் கட்டடமும் புதுப்பிச்சாங்க. பெரிய விமானத்துக்கு அந்த ஓடுபாதை பத்தாது, செஸ்னாவுக்கு தாராளம். சென்னையில இருந்து பறந்தா முக்கால் மணி நேரம் கூட ஆகாது. தாம்பரத்துல விடியக்காலை பஸ் பிடிச்சா நாமளும் டிபனுக்குப் போயிடலாம்.

"சும்மா ஜாலியா" கூடறதுக்கும் ஒழுங்கு வேணும். நான் போட்டு வெச்சிருக்கற கணக்கு இது:

1. பிப்ரவரியில ஒரு ஞாயிறு. மழை முடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது. போகி வாரம் கூடவே கூடாது, புகையில பெரிய விமானமே தடுமாறுது.

2. காலை 6:30-ல இருந்து 10:30 வரைக்கும்தான். ஜனங்களுக்காக மட்டும் இல்ல. காத்து சூடானா அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குற சக்தியும் இஞ்சினுக்கு பலமும் குறையும், கிளம்ப நீளமான ஓடுபாதை வேணும்.

3. அதிகபட்சம் 10 விமானம். முன்கூட்டியே பேர் குடுத்தவங்க மட்டும். ஒவ்வொருத்தருக்கும் இறங்கற நேரம், 10 நிமிஷ இடைவெளி. காத்து சரியில்லேன்னா திரும்பிப் போறது கௌரவக் குறைச்சல் இல்லைன்னு முதல்லயே சொல்லிடணும்.

4. சாகசம் பண்ணா அடுத்த வருஷம் அழைப்பு கிடையாது.

5. கயிறு கட்டி, இஞ்சின் நின்னப்புறம் பத்து பத்து பேரா உள்ள விடணும். முன்னாடி விசிறியை யாரும் தொடக்கூடாது, நின்னுகிட்டு இருந்தாலும். இந்த இஞ்சின்ல தீப்பொறி குடுக்கற மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்ல. ஒரு ஒயர் அறுந்திருந்தா, சும்மா சுத்தி விட்டாலே கிளம்பிடலாம். இதை மைக்ல பத்து தடவை சொல்லணும்.

6. 500 பேர், அதுக்கு மேல இல்ல. பந்தல், தண்ணி, கக்கூஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி. இது அஞ்சுல ஒண்ணு குறைஞ்சாலும் ரத்து. மெரினாவுல 5 உயிர் குடுத்துக் கத்துக்கிட்ட பாடம், மறக்கக்கூடாது.

7. இட்லி, வடை, டீ. பக்கத்து ஊர் அக்காங்க போடட்டும், வியாபாரம் அவங்களுக்கு.

இதுல எது முடியாதது? ஒரு சாதாரண காலேஜ் கல்ச்சுரலுக்கே இதை விட அதிகக் கூட்டமும் அதிக கரண்டும் தேவைப்படுது.

முடியாதது ஒண்ணே ஒண்ணு, காகிதம். விமான நிலைய ஆணையம், டி.ஜி.சி.ஏ., விமானப் பாதுகாப்பு பீரோ, விமானப்படை, கலெக்டர், போலீஸ்னு ஆளுக்கொரு வாசல். யாரும் "முடியாது"ன்னு சொல்ல வேணாம், "அவங்க சொன்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு ஆளாளுக்குச் சொன்னாலே போதும், காரியம் முடிஞ்சுடும்.

அரசாங்கத்தால மாத்த முடியாதா? முடியும். டிரோன் விஷயத்துல மாத்திக் காட்டினாங்க. 2021 டிரோன் விதிகள்ல 25 படிவத்தை 5 ஆக்கினாங்க, 72 வகைக் கட்டணத்தை 4 ஆக்கினாங்க, வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கோடு போட்டு இங்க பறக்கலாம், இங்க கூடாதுன்னு தெளிவா சொன்னாங்க. குரோம்பேட்டை எம்.ஐ.டி. பசங்களோட தக்‌ஷா அணி 2018-ல ஆஸ்திரேலியா போய் ஆளில்லா விமானப் போட்டியில ரெண்டாம் இடம் வாங்கிட்டு வந்தாங்களே, அவங்களை மாதிரி பசங்களுக்கு அதனால கதவு திறந்துச்சு. 1934 விமானச் சட்டத்தையே மாத்தி 2025 ஜனவரி 1-ல இருந்து புதுச் சட்டமும் வந்தாச்சு. அதே மாதிரி "சிறு விமானச் சந்திப்பு"ன்னு ஒரு பக்கத்துல ஒரு விதி எழுதுங்க. பகல் வெளிச்சம், 10 விமானம், 500 பேர், சாகசம் இல்ல, நுழைவுக் கட்டணம் இல்ல. இந்த அளவுக்குள்ள இருந்தா ஒரே விண்ணப்பம், 30 நாள்ல பதில். அவ்வளவுதான் கேக்கறேன்.

கடைசியா ஒண்ணு. அந்த ஒத்திகை நாள்ல மொட்டை மாடியில எதிர் வீட்டுப் பையன் என்கிட்ட கேட்டான், "அண்ணா, அவங்களுக்கு நான் கை ஆட்டறது தெரியுமா?"ன்னு. நான் ஏரோநாட்டிகல் மூணாவது வருஷம். எத்தனை அடி உயரம், என்ன வேகம்னு எல்லாம் சொன்னேன். அவன் கேட்டதுக்கு மட்டும் பதில் தெரியல.

ஒரு ஃப்ளை-இன் நடந்தா அவனைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு பைலட்டுக்கிட்ட நிறுத்துவேன். அவனே கேட்டுக்கட்டும்.